இரு பக்கமும் ஒருத்தி: பின்னறைத் தரை

அன்று நாலு மணிக்குக் கையெழுத்து.

இடம், எழுதுபொருள் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒற்றை அறை ஆபீஸ். வீட்டை விற்பவர் மாமியார். வாங்குபவன் கூடப்பிறந்த தம்பி. ஒருவருக்கு மருமகளும் இன்னொருவனுக்கு அக்காவுமாக நடுவில் நின்றவள், அந்த வட்டாரத்தில் எல்லோரும் தரகரம்மா என்று கூப்பிடும் நம் கதாநாயகி.

இன்றைக்குத்தான் கதைக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நியாயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமியார் போன் செய்து, "வீட்டை விக்கப் போறேன். நீயே பாத்து முடிச்சுக் குடு" என்றார். அதற்கப்புறம் எங்கே போய் இருப்பதாக உத்தேசம் என்று மகனும் மருமகளும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். "அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் சுருக்கெழுத்தராக இருந்தவர். ஊரார் பேசியதையெல்லாம் எழுதியே பழக்கப்பட்டவரிடமிருந்து பேச்சைப் பிடுங்குவது லேசான காரியமில்லை.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் ஒவ்வொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். நாலாவதாக வந்தவன் தம்பி. அச்சகம் நடத்துகிறான். அச்சகம் இருக்கும் வாடகை இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கீழே மெஷின், மேலே குடித்தனம் என்று இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அவனுக்கு ஆசை. "வெளியாள் எதுக்குக்கா? நானே எடுத்துக்கறேன்" என்றான்.

ஒரே தரகர் இரண்டு பக்கத்துக்கும் நிற்பது அந்தத் தொழிலில் புதிதல்ல. இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதை அடுத்தவர் காதில் போடக்கூடாது. கட்டடத்தில் உள்ள குறையை மட்டும் யாரிடமும் மறைக்கக்கூடாது. அவ்வளவுதான் விதி. இரண்டு பேரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டாள். "பொறந்த வீடு, புகுந்த வீடு ரெண்டுலயும் கமிஷன் பாக்கறவ நீ ஒருத்திதான்" என்று கணவர் கேலி செய்தார். அவளும் சிரித்தாள்.

இனி அன்றைய காலை.

ஒன்பதரை மணிக்கு அச்சகத்துக்குப் போனாள். ஒப்பந்தத்தோடு வைக்கத் தம்பியின் அடையாள அட்டை நகல் வேண்டியிருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து டப்பாவுக்கான அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தம்பி ஒன்றை உருவி எடுத்து, நீலம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி வந்தான்.

"அக்கா, வா வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

கழிவு அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் வீட்டின் கீழ்த்தளத்தை வரைந்திருந்தான். அளவெல்லாம் துல்லியமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நேர்கோடு போட ஸ்கேல் தேவைப்பட்டதில்லை.

"முன் ஹால் ஆபீஸ். நடு ரூம்ல பேப்பர். பின்னறைல மெஷின்."

அவள் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"மெஷின் முன் ஹால்லன்னுதானே சொன்னே?"

"அது பழைய கணக்கு. முன்னாடி நாலு படி இருக்கு. மூணு டன்னை எவன் ஏத்துவான்? பின்னறைக்குச் சந்துப் பக்கமா கதவு இருக்கே, அதை நான் யோசிக்கவே இல்ல பாரு. சந்தும் தரையும் ஒரே மட்டம். கிரேன்காரர் நேத்து வந்து பாத்துட்டு, வெண்ணெய் மாதிரி உள்ள போயிடும்னுட்டார்."

"உள்ள போய்ப் பாத்தாரா?"

"இல்ல, சந்துல நின்னுதான். தரையில என்ன பாக்க இருக்கு?"

மெஷினைக் குறிக்க அவன் போட்டிருந்த கட்டம் பின்னறையின் இடது மூலையில் இருந்தது. அதே மூலை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"உள்ள ஏது வெயில்?" என்று சிரித்தான். "நீ பயப்படாத. சத்தம் மேல வராது. அடியில ரப்பர் போட்டுடுவேன்."

அடையாள அட்டை நகலை வாங்கிக்கொண்டு, "நாலு மணிக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

காரில் உட்கார்ந்தவள் சாவியைத் திருகவில்லை.

அந்த மூலையில் ஒரு கிணறு இருந்தது. அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, பின்னறை கட்டும்போது மாமனார் அதை மண் போட்டு மூடியிருந்தார். அவள் வந்த இரண்டாவது வருஷம், ஒரு மழைக்காலத்துக் காலையில் அந்த மூலை ஒரு முழம் உள்ளே போனது. அங்கே இருந்த இரும்பு பீரோ, குடித்துவிட்டு வந்தவன் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றது. மாமனார் அப்போது இல்லை. கல்லும் கான்கிரீட்டும் கொட்டி அடைத்தாகிவிட்டது என்றார் கணவர். புதுத் தரை போட்டார்கள். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் கனமான பொருள் எதையும் வைக்கவில்லை. யாரும் அப்படிச் சொல்லவுமில்லை. துணி காயப்போட மட்டும் ஒரு கொடி கட்டியிருந்தது.

கட்டட விவரப் படிவத்தில் "விற்பவருக்குத் தெரிந்த குறைகள்" என்று ஒரு வரி உண்டு. "இல்லைன்னு போடு" என்றார் மாமியார். அவள் தன் கையால் "இல்லை" என்று எழுதினாள். இருபது வருஷமாக அசையாத தரை, கான்கிரீட் போட்டது, பேப்பர் அடுக்கப்போகும் அறை என்று அப்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. தம்பியை வீடு காட்ட அழைத்துப்போன அன்று, எந்த அறையிலும் நடுவில் நின்று பேசும் வழக்கமுள்ளவள் பின்னறையில் மட்டும் அந்த மூலையில் போய் நின்றாள். அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

மணி பத்தே கால். கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வண்டியை விட்டாள்.

கடையில் அவர் ஒரு பிரேமின் கால் ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தார். கடுகைவிடச் சிறிய ஆணி. அவள் பேசி முடிக்கும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு டன்னா?" என்றார் கடைசியில்.

"ஆமா. அதே மூலைல. கான்கிரீட் எவ்வளவு ஆழம் போட்டீங்க? அது தெரிஞ்சா ஒரு இன்ஜினியரைக் கேட்டுடலாம். தாங்கும்னு அவர் எழுதிக் குடுத்துட்டா பிரச்சனையே இல்ல."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். ஆணி உருண்டு மேஜைக்குக் கீழே விழுந்தது. அதைத் தேடக் குனிந்தவர் கொஞ்ச நேரம் எழவில்லை.

"என்னங்க?"

"கான்கிரீட் போடலை."

"என்னது?"

"கடை திறந்த வாரம் அது. நான் இங்க நிக்கறதா, அங்க நிக்கறதா? கான்கிரீட்னா நாலு நாள் ஆள் நின்னு பாக்கணும்னான் மேஸ்திரி. பக்கத்துத் தெருவுல ஒரு கட்டடம் இடிச்சுட்டிருந்தாங்க. அந்தக் குப்பையைக் கொட்டி அடைச்சுடலாமான்னு கேட்டான். சரின்னுட்டேன். அரை நாள்ல வேலை முடிஞ்சுது. மேல மட்டும் ஒரு பூச்சு."

"என்கிட்ட கான்கிரீட்னு சொன்னீங்க."

"அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷம் நின்ன தரைடி. உன் தம்பிகிட்ட முன் ஹால்லயே வைக்கச் சொல்லேன். ஏதாவது காரணம் சொல்லு. வாஸ்து கீஸ்துன்னு எதையாவது சொல்லு."

"அவன் படியை இடிச்சு ஹால்ல வைப்பான். அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு மெஷின் வாங்குவான். அதைப் பின்னறைல வைப்பான். அப்போ?"

"அப்போ பாத்துக்கலாம்."

"அந்த ரூம்ல ஆள் நின்னு வேலை செய்வாங்க."

கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்த ஒரு பெண், இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. "இதை இப்ப என்கிட்ட கேட்டது என் பொண்டாட்டியா, புரோக்கரா?"

"கேக்கும்போது யாரா இருந்தேன்னு எனக்கே தெரியலை."

"பொண்டாட்டியா கேட்டிருந்தா இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும்."

"புரோக்கரா கேட்டிருந்தா?"

"நான் சொல்லியே இருக்க மாட்டேன்."

அது உண்மைதான் என்று அவளுக்குப் பட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது வருஷமாக இந்த மனுஷர், அந்த வீட்டில் இருந்தவரையிலும் சரி, பிறகு போய்வரும்போதும் சரி, பின்னறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வந்தது ஏன் என்று இப்போது புரிந்தது.

தம்பிக்கு உடனே போன் செய்துவிடலாம்தான். ஆனால் விற்பவரைக் கேட்காமல் விற்பவர் வீட்டு விஷயத்தை வாங்குபவரிடம் சொல்வதும் முறையில்லை. அந்த முறை தனக்கு வசதியாகவும் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டு மணிக்கு மாமியார் வீட்டு மணியை அடித்தாள்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் மாமியார் சுருக்கெழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரிய வழியில்லை.

"நாலு மணிக்குத்தானே? நானே ஆட்டோல வந்துடுவேன்னு சொன்னேனே."

"ஒரு விஷயம் பேசணும் அத்தை. உக்காருங்க."

"நின்னுட்டே கேக்கறேன். உக்காந்தா முட்டி பிடிச்சுக்குது."

அவள் மெஷினைப் பற்றிச் சொன்னாள். மூன்று டன் என்றாள். பின்னறை மூலை என்றாள். தரைக்கு அடியில் இருப்பது கான்கிரீட்தானா என்று தனக்குச் சந்தேகம் இருப்பதாகச் சொன்னாள். கணவர் பெயரை எடுக்கவில்லை.

மாமியார் கையிலிருந்த பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றி வைத்தார்.

"சந்தேகம் எதுக்கு? கான்கிரீட் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வண்டி வந்துது" என்றார் மாமியார். "கோர்ட்டுக்கு லீவு போட்டுட்டு மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். உடைஞ்ச செங்கல், பழைய கதவு நிலை, வாஷ்பேசின். ஏழாவது வண்டியில பாதி கக்கூஸ் பீங்கான்கூட வந்துது. சாயங்காலம் இவன் வந்து, அம்மா கல்லு மாதிரி அடைச்சாச்சுன்னான். சரிப்பான்னுட்டேன்."

"ஏன் கேக்கலை அத்தை?"

"புதுசா கடை போட்டிருக்கான். பயந்துபோய் நின்னான். அவன் பொய் சொன்னான்னு எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அப்புறம் வருஷம் ஓடிடுச்சு. இனிமே போய் என்னத்தைக் கேக்கறது?"

"அப்போ படிவத்துல இல்லைன்னு எழுதச் சொன்னீங்களே."

"நீயும்தானே எழுதினே?"

மாமியார் ஒரு பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். முட்டியை நீவிக்கொண்டே மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ நீ வந்திருக்கறது யாருக்காக? எனக்காகவா, உன் தம்பிக்காகவா?"

"ரெண்டு பேருக்கும்தான். அதனாலதான் முதல்ல இங்க வந்தேன். உங்களைக் கேக்காம அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனா நாலு மணிக்கு அந்தப் பேப்பர்ல இல்லைன்னே இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒப்பந்தம் நடக்காது."

"மிரட்டறியா?"

"இல்ல அத்தை. நான் செஞ்சதும் தப்பு. அதைத் திருத்தணும்."

பக்கத்து வீட்டில் யாரோ ஒரே பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"படிவம் ஒண்ணு புதுசா வச்சிருக்கியா?"

"இருக்கு."

"குடுத்துட்டுப் போ. என் கையால எழுதிட்டு வரேன். நீ எழுத வேண்டாம்."

நாலு மணிக்குத் தம்பிதான் முதலில் வந்தான். தலையை வாரிச் சட்டை மாற்றியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் நீல மை போகவில்லை. சாவிகள் தொங்கும் பலகையைப் பார்த்து, "இதுல நம்ம வீட்டுச் சாவி எதுக்கா?" என்று கேட்டான். அவள் காட்டவில்லை. "உக்காரு, வந்துடுவாங்க" என்றாள்.

மாமியார் வந்தார். பின்னாலேயே, யாரும் கூப்பிடாத கணவரும் படியேறி வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அம்மாவைப் பார்க்காமல் கதவோரமாக நின்றுகொண்டார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு திருத்தம்" என்றாள் தரகரம்மா. அவள் குரல் அவளுக்கே ஆபீஸ் குரலாக ஒலித்தது. "கட்டட விவரப் படிவத்தை விற்பவர் மாத்தி எழுதியிருக்காங்க. வாங்கறவர் அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணணும்."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே படித்தார். முப்பது வருஷம் அடுத்தவர் வாக்குமூலத்தைப் படித்த அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கீழ்த்தளத்துப் பின்னறையின் இடது மூலையில் மூடப்பட்ட கிணறு ஒன்று உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் தரை இறங்கியது. இரண்டாவது முறை கட்டட இடிபாடுகளால் நிரப்பப்பட்டது. கான்கிரீட் போடப்படவில்லை. அந்த வேலை என் பொறுப்பில், எனக்குத் தெரிந்தே நடந்தது. முந்தைய படிவத்தில் இதை நான் தெரிவிக்கவில்லை."

"உங்க பொறுப்புலயா?" என்றார் கணவர் கதவோரத்திலிருந்து.

"ஆமா."

"அம்மா, உங்களுக்கு அது..." என்றார். பிறகு இரண்டு எட்டு முன்னால் வந்து மச்சினனைப் பார்த்தார். "அது நான் செஞ்சது. மேஸ்திரிகிட்ட சரின்னு சொன்னவன் நான்தான். அம்மா எழுதினதுல அந்த ஒரு வரி மட்டும் பொய்."

மாமியார் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைக்கப் போனவர், அது இனி தன்னுடையதல்ல என்று நினைவு வந்தவர் போல மேஜைமேல் வைத்தார்.

தம்பி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவன் பார்வை அக்காவிடம் வந்து நின்றது.

"நீ அந்த வீட்ல எத்தனை வருஷம் இருந்தேக்கா?"

"ஆறு."

"தரை உள்ள போனப்போ அங்கதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"காலைல நான் ப்ளான் காட்டினப்போ உனக்குத் தெரியும்."

"கிணறு தெரியும். உள்ள குப்பைனு தெரியாது. அது உன்னைப் பாத்துட்டுப் போனப்புறம்தான் தெரிஞ்சுது."

"கிணறு தெரியும்ல?"

"தெரியும்டா."

"வீடு காட்டினப்போ?"

"அப்பவும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். சின்ன வயதில் அவன் பென்சிலை எடுத்துவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். இப்போது கத்தவில்லை. நகக்கண்ணில் இருந்த மையைச் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"கிரேன்காரர் என்னைக் கேட்டார். விக்கறவங்க நம்பிக்கையானவங்களா, தரையை ஒரு தட்டு தட்டிப் பாக்க வேண்டாமான்னு. எங்க அக்காதான்யா புரோக்கர்னேன். அவர் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை."

"வீடு வேண்டாம்னு நான் சொல்லலை" என்று எழுந்தான். "யோசிக்கணும். ஆனா எனக்கு வேற புரோக்கர் வேணும்."

"டேய்..."

"அக்காவா எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வா. உன் மருமகளுங்க உன்னைக் கேட்டுட்டே இருக்காளுங்க. ஆனா இந்த விஷயமா வராத." மாமியாரிடம் திரும்பிக் கைகூப்பினான். "நீங்க எழுதிக் குடுத்தீங்களேம்மா, அதுக்கு நன்றி." கணவரின் தோளில் கை வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

தரகரம்மா கோப்பைத் திறந்து இருதரப்பு ஒப்புதல் படிவத்தை வெளியே எடுத்தாள். தம்பியின் பெயருக்கு நேராக "விலகினார்" என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் இட்டாள். இந்த வேலையை அவள் பத்து வருஷத்தில் நாலைந்து தடவை செய்திருப்பாள். அப்போதெல்லாம் பேனா இவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

"எனக்கு நீயே போதும்" என்றார் மாமியார். "என் பக்கம் நீயே இரு."

கணவர், "கடையைத் திறக்கணும்" என்று முணுமுணுத்தார். படியில் இறங்கும்போது ஒரு தடவை நின்றார். அம்மா கூப்பிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ. யாரும் கூப்பிடவில்லை.

ஆறு மணிக்கு மாமியாரை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால், மிச்சமிருந்த இரண்டு டம்ளரில் டீ போட்டாள். சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடியே இருவரும் குடித்தார்கள்.

"அவனைத் திட்டிடாத" என்றார் மாமியார். மகனைப் பற்றித்தான் சொல்கிறார்.

"திட்டலை அத்தை."

"அது நான்தான்னு சொன்னான் பாத்தியா? இருபது வருஷம் கழிச்சு." சொல்லும்போது அந்த முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் வந்து போனது.

அப்போது போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஆபீஸ் வைத்திருக்கும் தரகர். ஆள் உயரம் காரணமாகத் தொழிலில் எல்லோருக்கும் அவர் நெட்டையர்தான். அவள் மாமியாருக்கும் கேட்கட்டும் என்று போனை மேடைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தரகரம்மா, உங்க தம்பி இப்பதான் என்கிட்ட வந்துட்டுப் போறார். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கலை. சொல்லுங்க."

"அவருக்கு வீடு பிடிச்சிருக்கு. பேசின விலையில ஒரு பைசா குறைக்கச் சொல்லலை. ஒரே ஒரு நிபந்தனைதான். பின்னறைத் தரையைத் திறந்து அடி வரைக்கும் பாக்கணும். செலவு அவரோடது. குப்பையை எல்லாம் வெளிய எடுத்துட்டு, அவரே கான்கிரீட் போட்டுப்பார். திங்கட்கிழமை ஆள் வரட்டுமா?"

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. இதைவிட நல்ல பேச்சு எதிர்த் தரப்பிலிருந்து வர முடியாது. தம்பியின் கோபம் கூட இன்னும் ஒரு மாதத்தில் தணிந்துவிடும் என்று தோன்றியது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தபடி மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் டம்ளரை மேடையில் வைத்துவிட்டிருந்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். "என்ன அத்தை?"

"பத்து சதவீதம் குறைச்சுக்கலாம்னு சொல்லு."

"அவன் குறைக்கச் சொல்லலையே."

"இருபதுன்னு சொல்லு. மெஷினை வேற ரூம்ல வச்சுக்கட்டும், படியை நான் இடிச்சுத் தரேன். இல்லைன்னா வேற ஆளைப் பாரு. தரையைத் தோண்டக்கூடாது."

"உள்ள குப்பைதானே இருக்கு? நீங்களே எட்டு வண்டின்னு எண்ணியிருக்கீங்க."

"எட்டும் பகல்ல வந்தது. ராத்திரி உள்ள போனது வேற" என்றார் மாமியார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். மாமியார் கையை உயர்த்தினார். சாட்சியை நிறுத்தும் நீதிபதியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் போலிருக்கிறது.

"இப்போ நீ என் பக்கம் மட்டும்தானே?"

"ஆமா அத்தை."

"அப்போ கேக்காத."